துகளின் மேல் ஏறும் புரதப் போர்வை
மருந்தைச் சுமந்து செல்லும் மிக நுண்ணிய நானோ துகளின் மேற்பரப்பில் சரியான மூலக்கூறை ஒட்டிவிட்டால் அது நேராகப் புற்றுக்கட்டியைத் தேடிப் போய்விடும் என்று நானோ மருந்துகள் பற்றி நான் வாசித்த கட்டுரை ஒன்று சொல்கிறது. அவ்வளவு சுலபமில்லை. ரத்தத்தில் கலந்த சற்று நேரத்திலேயே புரதங்கள் துகளைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. பார்த்துப் பார்த்து ஒட்டிய மூலக்கூறு அந்தப் போர்வைக்கு அடியில் மறைந்துபோகலாம். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் சிட்ரேட் பூசிய தங்க நானோ துகள் கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும். உப்புக் கரைசல் விட்டால் துகள்கள் திரண்டு நீலமாகிவிடும். ஆனால் முதலில் போதுமான அளவு, ரத்தத்தில் நிறைய இருக்கும் அல்புமின் புரதத்தைக் கலந்துவிட்டு அதே உப்பை விட்டுப் பாருங்கள், சிவப்பு அப்படியே நிற்கும். துகளைப் புரதம் மூடிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முந்தைய பத்தாண்டு ஆய்வுகளை அலசிய 2016 தொகுப்பாய்வு ஒன்று, செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பில் வெறும் 0.7 சதவீதம் என்றது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அதற்காக, அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டமாக ஒரு நண்பர் எழுதியதுபோல இந்தத் துறையே வீண் என்று தள்ளிவிட முடியாது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கான பாட்டிசிரான் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்புத் துகள்கள் மேல் ரத்தத்திலுள்ள அபோ-ஈ புரதம் தானாக வந்து ஒட்டுகிறது. அந்தப் புரதத்தை அடையாளம் கண்டுதான் கல்லீரல் செல்கள் துகளை உள்ளே இழுக்கின்றன. மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் கல்லீரல்தான். எந்தப் புரதம் ஒட்டும் என்பதையும் வடிவமைப்பில் சேர்த்துக்கொள்ளும் இந்த வழியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.