புது அறிவிப்பு இருக்கட்டும், எடுத்து முடித்த படம் எங்கே?

வெற்றிமாறன், சிலம்பரசன் சேரும் ‘அரசன்’ படத்தின் முன்னோட்டம் வந்ததிலிருந்து நண்பர்களிடம் அதே பேச்சுதான். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்தின் உலகத்தில் இன்னொரு கதை, அனிருத் இசை, தாணு தயாரிப்பு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் இருக்கிறது. ஆனால் பெரிய அறிவிப்பு எது வந்தாலும் எனக்கு உடனே ‘துருவ நட்சத்திரம்’ ஞாபகம் வந்துவிடுகிறது.

கௌதம் வாசுதேவ் மேனன் இயக்கம், விக்ரம் நடிப்பு, ஹாரிஸ் ஜெயராஜ் இசை. 2017-ல் படப்பிடிப்பு தொடங்கிய படம். ஒருவழியாக 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்தார்கள். விடிந்தால் படம் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, இன்று படம் வராது என்ற செய்தி. வேறொரு படத்துக்காக வாங்கிய 2 கோடியே 40 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. வேறொரு படத்துக்காக! அந்தக் கடனுக்கும் இதில் உழைத்த எடிட்டருக்கும் சண்டைக் கலைஞருக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே பல படங்கள் பைனான்ஸ் பணத்தில்தான் உருவாகின்றன. கடன் கொடுத்தவருக்கு இருக்கும் ஒரே பிடி ரிலீஸ் தேதி. அதை விட்டால் பணம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அதனால் தயாரிப்பாளரின் பழைய பாக்கியெல்லாம் புதுப்படத்தின் தலையில் வந்து விழுகிறது. ஒரு காலத்தில் லேபிலிருந்து படச்சுருள் பெட்டி வராது, இப்போது தியேட்டருக்குப் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் கீ வராது, அவ்வளவுதான் வித்தியாசம். பைனான்சியர் மீது எனக்குக் கோபமில்லை, அவர் கொடுத்ததைக் கேட்கிறார். கணக்கை முடிக்காமலே தேதியை அறிவித்துவிட்டு, கடைசி ராத்திரியில் பஞ்சாயத்துக்கு உட்கார்கிறார்களே, அவர்கள் மீதுதான் கோபம்.

‘வீர தீர சூரன்’ படத்தையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 27 காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு பேசித் தீர்ந்து, மாலையில்தான் படம் திரைக்கு வந்தது. நல்ல படம். முதல் நாள் காலையை அநியாயமாக இழந்தது.

இவ்வளவு நாள் கிடந்த படத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். 2013 பொங்கலுக்கு வர வேண்டிய ‘மத கஜ ராஜா’ 2025 பொங்கலுக்குத்தானே வந்தது? ‘விடாமுயற்சி’ தள்ளிப்போனதால் கிடைத்த இடைவெளியில் புகுந்து, குடும்பம் குடும்பமாக ஜனங்களைச் சிரிக்க வைத்தது. நான் பார்த்த காட்சியில் நகைச்சுவை நடிகர் மனோபாலா வரும் இடத்தில் வசனமே கேட்கவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்க அவர் இல்லை, 2023-லேயே போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெங்கட் பிரபுவின் ‘பார்ட்டி’, சீனு ராமசாமியின் ‘இடம் பொருள் ஏவல்’, கார்த்திக் நரேனின் ‘நரகாசூரன்’ என்று இன்னும் எத்தனை படங்கள் காத்துக்கிடக்கின்றன! அவற்றில் அறிமுகமாக வேண்டியவர்களுக்கு இத்தனை வருஷம் யார் பதில் சொல்வது?

தயாரிப்பாளர் சங்கமும் தியேட்டர்காரர்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கணக்கு, ஒன்றின் கடன் இன்னொன்றில் ஏறக் கூடாது. பாக்கி தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வந்த பிறகே முன்பதிவைத் திறக்க வேண்டும். புதுப்பட பூஜைக்குத் தேதி பார்க்கும் தயாரிப்பாளர்கள், அதற்கு முன் முடித்து வைத்திருக்கும் படத்துக்கு ஒரு தேதி சொல்லட்டும்.