டெடி கரடி பிழைக்கவில்லை

"அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இரக்கப்பட்டு ஒரு கரடியைக் காட்டில் விட்டுவிட்டார், அதிலிருந்துதான் டெடி பொம்மை வந்தது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

1902 நவம்பர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். தியோடர் ரூஸ்வெல்ட் (செல்லப்பெயர் 'டெடி') கரடி வேட்டைக்குப் போயிருந்தார். கரடியைப் பிடித்தவர் வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்தவர். அதிபர் சுடட்டும் என்று துப்பாக்கிக் கட்டையால் அடித்து, மரத்தில் கட்டிவைத்தார். (என்னைக் கேட்டால், அன்றைய சாதனை இதுதான். பதிவில் அவர் பெயரே இல்லை.) கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டையல்ல என்று ரூஸ்வெல்ட் மறுத்தது நிஜம். ஆனால் அடிபட்டுக் கிடந்த அதைக் கொன்றுவிடச் சொன்னதும் அவர்தான். கத்தியால் கொன்றார்கள். பொம்மைக்குத் தூண்டுதலாக இருந்த, பத்திரிகை ஓவியர் பெர்ரிமேனின் கேலிச்சித்திரத்தில் இது வரவில்லை.

சரி, இரக்கம்? 1909-ல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பயணத்தில் அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டவை 512 விலங்குகள், அருங்காட்சியகத்துக்கென்று.