முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடுமா?

"முதுகுவலிக்குத் தண்டுவடத்துக்குள்ளேயே ஊசி குத்துகிறார்கள், கால் விழுந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. இது தவறு.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். அடிமுதுகு வலிக்கான ஸ்டீராய்டு (வீக்கம் தணிக்கும் மருந்து) ஊசி பெரும்பாலும் அதற்குக் கீழே, 4, 5-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டி, நரம்புகளை மூடிய உறைக்கு வெளியே போடப்படுகிறது.

குப்புறப் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியைக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பிறகு எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் 1 மி.லி. அளவில். அது நரம்பை ஒட்டிக் கோடாகப் படர்ந்து நின்றால் இடம் சரி. சட்டென்று ஓடி மறைந்தால் ஊசி முனை ரத்தக்குழாயில் இருக்கிறது. அதை மாற்றியாக வேண்டும். ஸ்டீராய்டு அதற்கப்புறம்தான்.

ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடும் மரப்பு மருந்தால் சில மணி நேரம் கால் தளரலாம். அதைப் பார்த்துத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். அன்று வண்டி ஓட்டாதீர்கள். ஆனால் ஆபத்தே இல்லை என்பதும் பொய்: அரிதாகப் பக்கவாதம்கூட நேரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-ல் எச்சரித்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை சில நாள் ஏறும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.