பிளாஷை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிரிக்கரை முடிவு பண்ணுங்கள்

கல்யாண போட்டோகிராபிக்குப் புதிதாக வருகிற தம்பிகள் கேட்கிற கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. எந்த பிளாஷ் வாங்கலாம், குடையா சாஃப்ட்பாக்ஸா, ஸ்டாண்டு எத்தனை அடி, எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் "டிரிக்கர் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணா, அடிச்சா போதும்" என்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். கேமராவிலிருந்து பிளாஷைக் கழற்றித் தள்ளி வைத்து எடுக்கப் போகிறவருக்கு, அந்த பிளாஷைக் கேமராவிலிருந்தே அடிக்க வைக்கிற கருவியான டிரிக்கர்தான் முதல் முடிவு. பிளாஷ் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். டிரிக்கரை வேறு சிஸ்டத்துக்கு மாற்றினால் அதோடு பேசுகிற எல்லா லைட்டையும் மாற்ற வேண்டி வரும்.

முதலில் உங்கள் கேமராவின் ஹாட் ஷூவை, அதாவது தலையில் பிளாஷ் மாட்டுகிற இடத்தை, குனிந்து பாருங்கள். நடுவில் வட்டமாக, மற்றதைவிடப் பெரிதாக ஒரு தொடர்புப் புள்ளி இருக்கும். "இப்போ அடி" என்ற ஒரே கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது, எந்த கம்பெனி பிளாஷும் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் நம்மூரில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களில் நிறையப் பேர் கையில் இருக்கிற கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய மூன்றிலும் அந்த நடுப் புள்ளியே கிடையாது. 2018, 2019இல் வந்த மாடல்கள் இவை. ஓரத்தில் இருக்கிற சின்னப் புள்ளிகள் வழியாக கேனானின் சொந்த மொழியில்தான் பிளாஷோடு பேசும். நடுப் புள்ளியை மட்டும் நம்பிச் செய்த மலிவு டிரிக்கரை இதில் மாட்டினால் ஒன்றும் நடக்காது, வாங்கியவர் பீஸ் கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் அலைவார். டிரிக்கரிலும் கோளாறு இல்லை, கேமராவிலும் கோளாறு இல்லை. இந்த மூன்று கேமரா வைத்திருப்பவர்கள் கேனானுக்கென்றே செய்த டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து பிளாஷ் பவரை முடிவு செய்கிற முறை) டிரிக்கரைத்தான் பார்க்க வேண்டும். அதையும் உங்கள் கேமராவைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், மாட்டி, அடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் டிரிக்கருக்குள் இருக்கிற மென்பொருள் (ஃபர்ம்வேர்) பழசாக இருந்தால் சரியான மாடலே வேலை செய்யாமல் போகலாம்.

டிரிக்கரே எதற்கு, பிளாஷிலேயே எஸ்1, எஸ்2 என்று ஸ்லேவ் மோடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கிற முறை. வேறொரு பிளாஷ் மின்னினால் இதுவும் மின்னும். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து பொருள்களை எடுப்பதற்குப் பிரமாதம். ரிசப்ஷன் மேடையில் வைத்துப் பாருங்கள், சொந்தக்காரப் பையன் கேமராவில் அடிக்கிற பிளாஷுக்கும் சேர்த்து உங்கள் லைட் அடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் ஷட்டரை அழுத்துகிற நேரத்தில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே வெயிலில் சென்சாருக்கு அந்த மின்னலே கண்ணில் படாது. தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்தாலும் அப்படித்தான். ரேடியோ அலைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, ரேடியோ என்று முடிவாகிவிட்டது. மிக மலிவாகக் கிடைப்பது 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற பிடி-04 வகை. சின்ன டப்பா, உள்ளே 12 வோல்ட் 23ஏ பேட்டரி. கற்றுக்கொள்ள, வீட்டில் பழக, தாராளமாக வாங்கலாம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தெரிந்தது அடிப்பது மட்டும்தான். எவ்வளவு பவரில் அடிப்பது என்று அதால் சொல்ல முடியாது. எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது அதுதான்.

மேடையின் இரண்டு ஓரத்திலும் எட்டடி ஸ்டாண்டில் ஒவ்வொரு லைட், பின்னால் முடிக்கு வெளிச்சம் காட்ட ஒன்று. பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நிற்கும்போது 1/16 பவர் போதும். அடுத்த நிமிடம் பெரியப்பா குடும்பம் பதினைந்து பேராக மேடை ஏறுகிறது, ஓரத்தில் நிற்பவர் லைட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், முகம் வெளுக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, இறக்க வேண்டும். மலிவு டிரிக்கர் என்றால் லைட் பிடிக்கிற தம்பியைக் கூப்பிட்டு, அவன் ஸ்டாண்டை இறக்கி, பட்டனை அழுத்தி, மறுபடி ஏற்றுவதற்குள் பெரியப்பா குடும்பம் சாப்பிடப் போய்விடும். அப்புறம் என்ன ஆகும், யாருமே பவரை மாற்ற மாட்டார்கள், ஒரே அளவில் ராத்திரி முழுக்க ஓட்டுவார்கள், ஆல்பத்தில் பாதி வெளுத்தும் பாதி இருட்டாகவும் வரும். லைட்டுகளை ஏ, பி என்று குரூப்பாகப் பிரித்து, கேமராவின் மேலிருந்தே ஏ குரூப்பை இறக்கி பி குரூப்பை ஏற்ற முடிந்தால் நீங்கள் நிஜமாகவே வெளிச்சத்தை வைத்து வேலை செய்கிறீர்கள். அந்த வசதிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

டிடிஎல்லுக்காகக் காசு கொடுக்க வேண்டுமா என்றால், மேடை வேலைக்கு வேண்டாம் என்பேன். லைட்டுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறாத இடத்தில் மேனுவலில் ஒரு தடவை சரியாக வைத்தால் அது அப்படியே நிற்கும். டிடிஎல் ஒவ்வொரு ஃப்ரேமையும் புதிதாக அளக்கும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும், முகூர்த்தத்தில் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்து இறக்கும், அடுத்தடுத்த இரண்டு படம் ஒரே மாதிரி இருக்காது, எடிட்டிங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சமன் பண்ண வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி எல்லாரும் நடந்துகொண்டே இருக்கிற இடத்தில் டிடிஎல் கைகொடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. காடாக்ஸ் கம்பெனியின் எக்ஸ்புரோ டிரிக்கரில் டிசிஎம் என்று ஒரு பட்டன் உண்டு, டிடிஎல்லில் அடித்துப் பார்த்த அளவை அப்படியே மேனுவலாக மாற்றிக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி அது.

காடாக்ஸ் பேச்சு வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், இன்று கையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பிப்பவருக்கு நான் காட்டுகிற வழி அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் சிஸ்டம்தான். காரணம் விலை மட்டும் இல்லை. ரிசீவர் பிளாஷுக்குள்ளேயே இருக்கிறது, தனி டப்பா, தனி பேட்டரி, தொங்குகிற வயர் எதுவும் இல்லை. டிரிக்கர்தான் கேனானுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று, தள்ளி நிற்கிற லைட்டுக்கு எந்த கேமரா என்பது பொருட்டே இல்லை. நாளைக்கு நீங்கள் கேனானிலிருந்து சோனிக்கு மாறினால் மேலே மாட்டுகிற அந்த ஒரு டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். டிடி600 மாதிரி மேனுவல் பிளாஷிலிருந்து ஏடி200 என்ற பெரிய லைட் வரை எல்லாம் அதே டிரிக்கர் பேச்சைக் கேட்கும். கல்யாண வேலைக்கு எக்ஸ்புரோவை விட அவர்களின் இன்னொரு டிரிக்கரான எக்ஸ்2டி எனக்குப் பிடிக்கும், அதன் தலையில் இன்னொரு ஹாட் ஷூ இருக்கிறது, கேமரா மேல் ஒரு பிளாஷை வைத்துக் கூரையில் பட்டுத் தெறிக்க விட்டுக்கொண்டே தூரத்து லைட்டையும் அடிக்கலாம்.

ஏற்கெனவே யாங்நுவோ கம்பெனியின் 560 III அல்லது 560 IV மாடல் பிளாஷ் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அதற்குள் ரிசீவர் இருக்கிறது, 560-டிஎக்ஸ் கன்ட்ரோலர் ஒன்று வாங்கினால் பவரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம். மேடைக்கு அது போதும். அதில் இல்லாதது எச்எஸ்எஸ், அதாவது மிக வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிக்கிற வசதி.

எச்எஸ்எஸ் உங்களுக்கு வேண்டுமா என்பதை வெயில்தான் முடிவு செய்யும். மகாபலிபுரத்தில் பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் ஷட்டர் 1/200 வைத்தால் லென்ஸ் திறப்பு எஃப் 11 பக்கம் வந்து நிற்கும். பின்னணி மங்க வேண்டும், எஃப் 2.8தான் வேண்டும் என்றால் ஷட்டர் 1/3200க்குப் போக வேண்டும். அந்த வேகத்தில் சென்சார் ஒரே நேரத்தில் முழுதாகத் திறப்பதே இல்லை, ஒரு மெல்லிய கீற்றுதான் ஓடும், அதனால் பிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் விட்டுவிட்டுத் துடிக்க வேண்டும். பவர் நிறைய வீணாகும். அதனால்தான் சின்ன பிளாஷை வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் எச்எஸ்எஸ் போட்டு "லைட்டே தெரியலைண்ணா" என்கிறார்கள். வெளிப்புற ஷூட் நிறைய இருந்தால் ஏடி200 அளவு லைட்டும் எச்எஸ்எஸ் தெரிந்த டிரிக்கரும் வாங்குங்கள், அல்லது லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டு 1/200இலேயே நில்லுங்கள். மண்டப வேலை மட்டும் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம்.

டிரிக்கர் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, வெள்ளைச் சுவரில் 1/125, 1/160, 1/200, 1/250 என்று வரிசையாக அடியுங்கள். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை எந்த வேகத்தில் தொடங்குகிறதோ அதற்கு முந்தையதுதான் அந்த டிரிக்கரோடு உங்கள் கேமராவின் எல்லை. கேமரா புத்தகத்தில் 1/200 அல்லது 1/250 என்று போட்டிருந்தாலும், கட்டளை தாமதமாகப் போகிற டிரிக்கரில் 1/160லேயே பட்டை விழலாம். மண்டபத்தில் ஆயிரம் பேர் நடுவில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

கூட்டம் என்றதும் இன்னொன்று. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸை அது நன்றாக விழுங்கும். அட்டையில் நூறு மீட்டர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. ஸ்டாண்டை ஆள் தலைக்கு மேல் உயர்த்துவது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, சிக்னலுக்கும் நல்லது. நேர்மாறாக, லைட் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது அடிக்காமல் போவதும் உண்டு. காடாக்ஸில் தூரத்துக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை 0-30 மீட்டருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பெண் வீட்டுக்கு ஒரு டீம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டீம் வருகிற கல்யாணங்கள் இப்போது நிறைய. இரண்டு பேரிடமும் காடாக்ஸ், இரண்டு பேரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேனல் 1. அவர் அடித்தால் உங்கள் லைட் அடிக்கும், நீங்கள் அடித்தால் அவருடையது. சேனல் 32 இருக்கிறது, அதற்கு மேல் 01 முதல் 99 வரை ஐடியும் வைக்கலாம். மேடை ஏறுவதற்கு முன்னால் அடுத்த டீம் அண்ணனிடம் போய் "நீங்க எந்த சேனல்ல இருக்கீங்க, நான் 14க்கு மாத்திக்கறேன்" என்று கேட்டுவிட்டு வாருங்கள், அரை நிமிட வேலை. ஐடியை டிரிக்கரிலும் ஒவ்வொரு லைட்டிலும் தனித்தனியாக வைக்க வேண்டும், ஒன்றை விட்டுவிட்டால் அது மட்டும் ஊமையாக நிற்கும். டிரிக்கருக்கு என்று நல்ல ரீசார்ஜபிள் பேட்டரி ஒரு ஜோடி தனியாகப் பையில் இருக்கட்டும், பிளாஷில் ஓடித் தேய்ந்ததை எடுத்து அதில் போடாதீர்கள்.