எலிக்கு நடந்தது எலிக்கு மட்டும்தான்

நெருஞ்சி மூலிகையைப் பற்றி வந்த ஒரு பதிவில் நேற்று நான் ஒரு கமெண்ட் போட்டேன். 'நெருஞ்சி ஒரு ஸ்பூன் பொடி போதும், விந்தணு பெருகும், அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று அதில் எழுதியிருந்தார்கள். எந்த உயிரில், எவ்வளவு கொடுத்து, எத்தனை நாள் என்று மட்டும்தான் கேட்டேன். 'உனக்கு என்ன குறையோ' என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கு அத்தனை சிரிப்புப் பொம்மைகள்.

சோதனை நடந்தது எலியில். எலிக்கு நடந்தது எலிக்கு மட்டும்தான்.

இதைப் போகிறபோக்கில் சொல்லவில்லை. முதுகலை படிக்கும்போது எலிகளுக்கு மூலிகைச் சாறு கொடுத்தவன் நான். தினமும் காலையில் எடை பார்த்து, குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவோம். குழுவுக்கு ஆறு எலி. எலியின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 52 நாள் ஆகும், மனிதனுக்குச் சுமார் 74 நாள். 14 நாள் சாறு கொடுத்துவிட்டு எண்ணினால், எண்ணுவதெல்லாம் சாறு உள்ளே போவதற்கு முன்பே உருவாகத் தொடங்கியவை. அதிலும் பல சோதனைகளில் முதலில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைக் கொடுத்து விரையைக் கெடுப்பார்கள், அப்புறம் சாறு காப்பாற்றுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல உடம்பில் அது எதையும் கூட்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லையே!

அளவைப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால், எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும் உடற்பரப்புக் கணக்கில் 6.2 ஆல் வகுத்து, 60 கிலோ மனிதனுக்கு ஏறக்குறைய 5 கிராம் வரும். பொடி அல்ல, வற்றவைத்த சாறு. 'ஒரு ஸ்பூன் பொடி போதும்' என்பது எங்கிருந்து வந்தது?

'மூலிகையை இழிவு செய்கிறாய்' என்கிறார்கள். இல்லை. மூலிகைக்கு வீரியம் இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறேன். வேம்பும் பப்பாளி விதையும் எலியில் விந்தணுவைக் குறைத்த ஆய்வுகள் உண்டு. அதை யாரும் ஷேர் செய்வதில்லை. 1970களில் சீனாவில் பருத்திக்கொட்டையில் இருக்கும் காசிபால் என்ற பொருளை ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கருத்தடையாகக் கொடுத்தார்கள். வேலை செய்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவே இல்லை. எலியைப் பாதித்த அதே காசிபால் முயலை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. எலிக்கும் முயலுக்குமே ஒத்துவராதது எலிக்கும் மனிதனுக்கும் எப்படி ஒத்துவரும்?

'ஆங்கில மருந்தையும் எலியில்தானே சோதிக்கிறார்கள்?' ஆமாம், அங்கே தொடங்குகிறார்கள். அதோடு நிறுத்திவிடுவதில்லை. நெருஞ்சியை மனிதரிடமும் பார்த்தார்கள். ரக்பி வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்த சோதனை 2007இல் வெளியானது. மருந்தில்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு வலிமையிலோ தசையிலோ எதுவும் கூடவில்லை.

எங்களுக்கு ஆறு வருடம் குழந்தை இல்லை. எலியை அறுத்துப் பார்த்த நானே, நெருங்கிய உறவினர் கொடுத்த சூரணத்தைப் பத்து மாதம் சாப்பிட்டேன். நம்பிச் சாப்பிடவில்லை. டாக்டர் முன்னால் போய் உட்காரப் பயம். அந்தப் பத்து மாதமும் ஸ்கேன், ஊசி, ரத்தப் பரிசோதனை என்று என் மனைவிதான் அலைந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். என்னைப் போய்ப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் போனேன். விரைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்திருந்தன. வெரிகோசீல் என்பார்கள், விந்தணுவைக் குறைக்கக்கூடியது.

'உனக்கு என்ன குறையோ' என்று கேட்டீர்களே, இதுதான் குறை. ஒரே ஒரு பரிசோதனையில் தெரிந்திருக்கும். உங்கள் கமெண்டை நேற்று ராத்திரி அவளும் படித்தாள்.