களி ஆறிவிடுமாம், கப்பலைக் கிளப்பிவிட்டான்

லீவரை இழுத்துவிட்டான்.

நாங்கள் இரண்டு பேர் வெளியே உயிரோடு நிற்கிறோம். கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது. மிஞ்சிப்போனால் இருபதடி. என் அத்தை மகன், காவேரிப்பட்டணத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, லீவரை இழுத்துவிட்டான். அப்போது ராத்திரி ஒன்பதே கால். இப்போது பன்னிரண்டு. தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் லீத்தல் கம்பெனி என்ற கணினி விளையாட்டில். ஆடாதவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இன்று இல்லை. விண்கப்பலில் போய் ஆளில்லாத நிலாக்களில் இறங்கி, பாழடைந்த ஆலைக்குள் புகுந்து, காயலான் கடைச் சரக்கைப் பொறுக்கிவந்து கம்பெனிக்கு விற்க வேண்டும். மூன்று நாள் கெடு. அதற்குள் விற்றுக் கட்ட வேண்டிய தொகைதான் கோட்டா. முதல் கோட்டா 130. அதை எட்டினால் ஏற்றுவார்கள், அதையும் எட்டினால் இன்னும் ஏற்றுவார்கள். ஓசூர் சூப்பர்வைசர்களுக்கு இதைக் காட்டிவிடாதீர்கள். விலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேறு. ராயக்கோட்டை மண்டியில் நேரம் ஆக ஆகத் தக்காளி விலை இறங்கும். இங்கே முதல் நாளே கொண்டுபோனால் மூன்றில் ஒரு பங்குகூடத் தரமாட்டான், கெடு முடியும் நாளில் போனால்தான் முழு விலை. அதனால் கடைசிவரை எல்லாச் சரக்கையும் கப்பலிலேயே போட்டு வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்போடு திரிய வேண்டும்.

2023 அக்டோபரில் வந்த ஆட்டம். ஸீக்கர்ஸ் என்ற பெயரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து உருவாக்கியது. ஒரு ஆள் தனியாக உருவாக்கிவிட்டான், நான், அத்தை மகன், ஓசூர்க்காரன், பென்னாகரத்தான் என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆட முடியவில்லை.

நாலாவது கோட்டா. 583. கப்பலில் இருந்தது 542. கடைசி நாள். அஷ்யூரன்ஸ் என்ற நிலாவில் இறங்கினோம். பெயரில்தான் உத்தரவாதம், இறங்கினால் கரடும் புழுதியும். இன்னும் 41 வேண்டும், அவ்வளவுதான். ஓசூர்க்காரனுக்கு அன்று ராத்திரி ஷிஃப்ட், பத்து மணிக்கு கம்பெனி பஸ். இது நிஜக் கம்பெனி. அதனால் ஒரே ஒரு வாய்ப்பு.

பென்னாகரத்தான் மூன்றாவது நிமிடமே பள்ளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தான். ஒகேனக்கல்லைப் பார்த்து வளர்ந்தவன், ஒரு பள்ளத்தைத் தாண்டத் தெரியவில்லை. சரி, அவன் எப்போதும் அப்படித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உள்ளே ஓசூர்க்காரன் ஒரு இன்ஜினைக் கண்டுபிடித்தான். மதிப்பு 48. இரண்டு கையாலும் தூக்க வேண்டும், தூக்கினால் ஆமை மாதிரி நகரத்தான் முடியும். திரும்பினால் நடைவழியில் ஸ்பிரிங் தலை நிற்கிறது. காயில்-ஹெட் என்ற ஜந்து. நாம் பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது. பார்வையை எடுத்த அடுத்த நொடி கழுத்து போய்விடும்.

நான் சொன்னேன், "நீ போ பங்காளி, நான் பார்த்துக்கறேன்." நிஜமாகவே பார்த்துக்கொண்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை. கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருவோமே, அப்படி நடந்தேன். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு முறை சுவரில் இடித்தேன். ஒரு முறை கதவில். ஒரு முறை ஓசூர்க்காரன்மேலேயே, ஏனென்றால் அவன் இன்ஜினோடு அங்குலம் அங்குலமாகப் போய்க்கொண்டிருந்தான். நிஜ வாழ்க்கையில் எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது. அம்மா எட்டிப் பார்த்து, "எதுக்குடா அழுவுற?" என்று கேட்டார்கள். திரும்பிப் பதில் சொல்லவில்லை. பெற்ற தாய்க்குத் திரும்பாதவன் அந்த ஸ்பிரிங் தலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. இது எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஒரு யுகம்.

வெளியே வந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. எங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் கண்ணில்லாத நாய். வீடு மாதிரி பெரிசு. அதற்குக் கண் இல்லை, காது உண்டு. மைக்கில் மூச்சு விட்டால்கூட வந்துவிடும். ஆகவே நாங்கள் பேசவில்லை. குனிந்து, குனிந்து, ஒவ்வொரு அடியாக. வாக்கி-டாக்கியிலும் பேச முடியாது, அந்தச் சத்தமும் அதற்குக் கேட்கும். நாய் மோப்பம் பிடிப்பதுபோலத் தலையைத் திருப்பிற்று, நின்றோம். விலகிற்று, நகர்ந்தோம். இருபதடி.

அப்போதுதான் கப்பல் உறுமியது.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. மணி பன்னிரண்டு ஆனால் கப்பல் தானாகக் கிளம்பும், அது தெரியும். ஆனால் அப்போது ஆட்டத்தில் ஏழுகூட ஆகவில்லை. கதவு மூடுகிறது. நான் கத்தினேன். நாய் வந்தது.

அத்தை மகனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. கப்பலில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது. "யாருமே பேசலை மச்சான், செத்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்கிறான். திரையில் நாங்கள் எங்கே நகர்கிறோம் என்று புள்ளி புள்ளியாகத் தெரியும்! அதைப் பார்க்கத்தானே உன்னை உட்கார வைத்தது! நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட சீமை இது. அந்தச் சீமையில் பிறந்துவிட்டு, இருபதடி பொறுக்க முடியவில்லை.

உண்மை பென்னாகரத்தான் வாயில் வந்தது. செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களை வேடிக்கை பார்க்கலாம் அல்லவா, அவன் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவன் மைக் திறந்தே கிடந்திருக்கிறது. உள்ளே என் அத்தை குரல்: "டேய், களி ஆறுது, எத்தனை வாட்டி கூப்புடறது, வந்து தின்னுட்டுப் போ!" இவன், "இதோம்மா" என்றானாம். இழுத்தானாம். நாற்காலி நகர்ந்த சத்தம்கூடக் கேட்டதாம்.

களி!

ஆட்டத்தில் ஒரு நாள் முடிந்ததும் எல்லோரையும் பற்றி ஒரு அறிக்கை வரும். அதில் இவன் பெயருக்கு நேரே "மிகச் சோம்பேறி ஊழியர்" என்று எழுதியிருந்தது. ஏழு வருடமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு கணினி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மிகவும் பயந்தாங்கொள்ளி." ஒரு ஸ்பிரிங் தலையைக் கண்ணாலேயே கட்டிப் போட்டவன் பயந்தாங்கொள்ளி!

கம்பெனிக்குப் போனோம். 542-ஐ வைத்தோம். 41 குறைந்தது. நாலு பேரையும் கப்பலில் இருந்து விண்வெளியில் ஊதித் தள்ளினார்கள். எல்லாம் பூஜ்ஜியம், மறுபடி 130-இல் இருந்து. மிதந்து போகும்போது இவன் உருவமும் எங்களோடு மிதந்தது. ஆள் இல்லை, உருவம் மட்டும். அவன் கீழே கீரைக் கடைசலைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். ஓசூர்க்காரன் ஒன்றும் பேசாமல் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

அத்தை மகன் பத்தரைக்குத் திரும்பி வந்து, "என்ன மச்சான், ஜெயிச்சாச்சா?" என்றான்.

சிரித்துவிட்டேன். என்ன செய்ய? ஆறிப்போன கேழ்வரகு களி கல்லாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். அத்தை மூன்றாவது முறை கூப்பிட்டால் அடுத்து கரண்டி பறக்கும் என்பதும் தெரியும். அந்த நிலையில் நான் இருந்தால் இன்ஜினாவது மண்ணாவது.

ஆனால் அத்தை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போன சீசனில் அவர்கள் தோட்டத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு கூடை மாம்பழம் வந்தது. இரண்டும் பெங்களூரா. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெங்களூரா எங்கே போகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், லாரி லாரியாக மாங்கூழ் ஆலைக்குப் போகும். அந்தத் தோட்டத்தில் செந்தூரா இல்லையா? மல்கோவா நாலு மரம் நிற்கவில்லையா? பெரியப்பா வீட்டுக்கு எது போனது? அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெங்களூராவையே நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்று தீர்த்தோம். விடியட்டும், நான் கேட்கிறேன்.