ஃபால்ஸ் அடிக்காத சேலைகள்

ஆடித் தள்ளுபடி தொடங்கினால் போதும், "பொண்டாட்டி கடைக்குப் போனா..." என்று ஆரம்பிக்கும் ஜோக்குகள் என் டைம்லைனில் வரிசை கட்டும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கேமரா லென்ஸாக வாங்கிக் குவிக்கிற ஆணுக்கு அது 'ஹாபி', சேலை வாங்குகிறவளுக்கு மட்டும் 'பைத்தியம்'. ஜோக்காக்கிவிட்டால் அப்புறம் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

தேவையே இல்லாமல், அடக்க முடியாமல் வாங்கிக்கொண்டே இருப்பது பேச வேண்டிய விஷயம்தான். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் நூறு வருஷத்துக்கு முன்பே இதை எழுதி வைத்துவிட்டார். தனி நோயா இல்லையா என்ற வாதம் மருத்துவர்களுக்குள் இன்னும் ஓடுகிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளுக்கு ஓர் உதாரணமாகச் சொல்கிறது.

என் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் பீரோவில் கவர் பிரிக்காத சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. எதற்கும் ஃபால்ஸ் அடிக்கவில்லை, குஞ்சம் கட்டவில்லை, ப்ளவுஸ் பிட் வெட்டவில்லை. சேலைக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவள் அதைக் கட்டிப் பார்ப்பாள். இவள் கட்டவே இல்லை. அப்படியானால் அவள் என்னத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்?

வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. கணவர் கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டார், ஆப்களை அழித்தார். அவள் சீட்டு எடுத்த பணத்தில் ஜிபே பண்ணினாள், பார்சலைப் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வரவழைத்தாள். "மனசைக் கட்டுப்படுத்து" என்று சொல்வதும் இதே ரகம்தான். மினிமலிசம் வீடியோ பார்த்து மனம் திருந்தி, ஒரே அளவில் இரண்டு டஜன் கண்ணாடி ஜாடி ஆர்டர் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனாள். அவர் வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கத் தோன்றும்போது மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அப்போது மனசு எப்படி இருந்தது, இதை மட்டும் எழுதச் சொன்னார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்.

சில வாரங்களில் நோட்டே பதில் சொல்லிவிட்டது. எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல். பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, கணவர் போனைப் பார்த்துக்கொண்டு படுத்த பிறகு. பெரும்பாலும் ஒரே சேலைக்காரப் பெண்ணின் லைவ், அதாவது நேரலையில் சேலை காட்டி விற்பது. அதில் அவள் கமெண்ட் போட்டால் அந்தப் பெண் இவள் பேர் சொல்லி, "வாங்கக்கா, சாப்பிட்டாச்சா? ஏன் ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று கேட்பார். நாள் முழுக்க அவளிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இப்படிக் கேட்டவரிடம் சும்மா இருக்க முடியுமா? சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். பேர் சொல்லாத லைவ்களில் அதைவிட நல்ல சேலை வந்தாலும் கை போகவில்லை என்பதும் நோட்டில் இருந்தது.

பார்சல் வந்தால் ஏன் பிரிக்கத் தோன்றுவதில்லை என்பதற்கு மூளை விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய சோதனையில் ஒரு விளக்கம் இருக்கிறது. பழகிய பிறகு, ஜூஸ் வாயில் விழும்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் பெரிதாகத் துள்ளவில்லை. ஜூஸ் வரப்போகிறது என்ற சிக்னலுக்குத்தான் துள்ளின. "ஒரே பீஸ்தான் சிஸ்டர், போனா வராது" என்பது அந்தச் சிக்னல். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதை, ஆன்லைன் விற்பனையில் 2023-இல் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று வித்தைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். லைவில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள், அது வேறு கதை.

இப்போது அவள் சாயங்காலம் வள்ளி கும்மி வகுப்புக்குப் போகிறாள். அங்கே ஒருநாள் வராவிட்டால் நான்கு பேர் போன் பண்ணிக் கேட்கிறார்கள். அரங்கேற்றத்துக்கு எல்லாருக்கும் ஒரே கலர் சேலை என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குத்தான் பக்கென்றது. வாங்கினாள், மறுநாளே டெய்லரிடம் கொடுத்துவிட்டாள். முழுக்க விட்டுவிட்டாளா என்றால் இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரே ராத்திரியில் இரண்டு சேலை புக் பண்ணினாள். அன்றைக்கு மாமியாரோடு என்ன பேச்சு நடந்தது என்பதும் நோட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் சேலையை ஒளித்து வைப்பாள், இந்தத் தடவை அதை என்னிடம் சொன்னாள்.

கார்டில் கடன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50,000 பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வட்டியே 1,750. அதன் மேல் ஜிஎஸ்டி 315. மினிமம் டியூ என்று 2,500 கட்டினால் அசலில் குறைவது வெறும் 435 ரூபாய். அதனால் அந்த மினிமம் தொகையை நம்பி உட்காராதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது மொத்தக் கணக்கையும் காட்டிவிடுங்கள். ராத்திரி கை நடுங்குகிறது, தூக்கம் போய்விட்டது என்ற நிலை வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.